களத்துப் பாப்பா

உங்கள் ஊர்க் களத்தில் ஒரு நட்சத்திரம் வந்து உட்கார்ந்தால் முதலில் அதனிடம் என்ன கேட்பீர்கள்? நாங்கள், "தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் கேட்டோம். வேறு என்னத்தைக் கேட்பது? பங்குனி வெயிலில், மினி பஸ்ஸே மனசு வைத்தால்தான் வருகிற கருக்கனேந்தலுக்கு, அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அது எதுவாக இருந்தாலும் தொண்டை காய்ந்துதான் இருக்கும்.

வந்து இறங்கியது மிளகாய்க் களத்தில். பெண்கள் நாங்கள் எல்லோரும் குண்டு மிளகாயைப் பரப்பிவிட்டுக் காலால் கோதிக்கொண்டிருந்தோம். தலையில் துண்டும், சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையுமாக, தும்மலும் சிரிப்புமாக நின்ற எங்களுக்கு நடுவில், ஒரு வைக்கோல் படப்பு உயரத்துக்கு, நீலமும் வெள்ளையுமாக, தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நின்று, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. சூடு மத்தியான வெயிலைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எங்களுக்கு அது ஒரு சூடா? கரிமூட்டத்துக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டிப் பிள்ளை வளர்க்கிறவர்கள் நாங்கள்.

"ஏ ஈசு, என்னத்தா இது, கல்யாண வீட்டுச் சீரியல் செட்டு கணக்கா?" என்றார் ராக்கு அயித்தை. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அத்தை, ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்த கை.

"பாத்தாத் தெரியலையா அயித்தை, விருந்தாளி" என்றேன்.

என் இடுப்பில் இருந்த மூன்று வயது கனிஷ்கா இறங்கினாள். எனக்கு அது அதிசயம், ஏனென்றால் என் மகள் இறங்குகிற ஜாதியே இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நடக்காமல், பார்க்கிற இடத்தில் எல்லாம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அம்மா, தூக்கு" என்று நிற்பாள். விறகு தூக்கி, தண்ணீர் தூக்கி, கரி மூட்டை தூக்கி வருகிற எனக்கு அவளையும் தூக்குவதற்கென்றே இடது இடுப்பு ஒரு பக்கமாக வளைந்துபோயிருக்கிறது. அப்படிப்பட்டவள் தானாக இறங்கிப் போய், அவளுடைய ரோஸ் கலர் பிளாஸ்டிக் டம்ளரில் இருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டு, "பாப்பா, குடி" என்றாள். அது குடித்தது. குடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கண் சிமிட்டும் நேரம் கூடுதலாக வெளுத்தது. அதிலிருந்து அதற்குப் பேர் பாப்பா.

பாப்பா வந்த பிறகு ஊர் கெட்டுப்போனது என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் கொட்டின மிளகாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்தது. வடகம் காய்ந்தது, பிள்ளைத்துணி காய்ந்தது, மழைக்காலத்தில் நனைந்த விறகு காய்ந்தது. கரண்டு போனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார்கள். பக்கத்து ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் களத்தில் வைத்துத்தான் பெண்ணைக் காட்டினார்கள், அந்த வெளிச்சத்தில் கறுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும் என்று. குஞ்சு பொரிக்காத முட்டை பொரித்தது. ஐஸ் வண்டிக்காரர் மட்டும் எல்லைக் கல்லோடு நின்று, "ஒங்க பாப்பா என் பொழப்பக் குடிச்சிரும்" என்று மணியடித்தார். இரவில் தூக்கம் வராதே என்று கேட்பீர்கள். தார்ப்பாய் வாங்கி ஜன்னலில் கட்டிக்கொண்டோம். வந்ததற்குத் தக்கபடி நாம்தான் வளைந்துகொடுக்க வேண்டும், வேறென்ன.

தண்ணீர்தான் பாடு. எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாள் திருவிழா. அதிலும் வீட்டுக்கு ஒரு குடம் பாப்பாவுக்கு என்று ஆனது. "நம்ம நாக்கே பலகையாட்டம் கெடக்கு, இதுக்கு என்ன தாகம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினோம். ஊற்றாவிட்டால் அது சிவந்து, ஒரு பக்கமாக விம்மி, வயிற்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மாதிரி நடுங்கும். பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

பம்பரத்துக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை இருக்கும் இல்லையா, அப்படி அதற்கும் இரண்டு முனை. அந்த இரண்டு இடத்திலும் சுழல் இல்லாமல் அசையாமல் ஒரு பொட்டு மாதிரி தெரியும். வந்த அன்று ஒரு பொட்டு வானத்தையும் ஒரு பொட்டு தரையையும் பார்த்தது. பிறகு மெல்லச் சாய ஆரம்பித்தது. கனி களத்தின் கிழக்கே விளையாடினால் கிழக்கே சாயும், புளியமரத்தடிக்குப் போனால் அங்கே சாயும். வீட்டுக்குள்ளே தூங்கினால் என் வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும். சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கிறதே என்று எல்லோரும் சிரித்தோம். "ஒம் மகளுக்குத்தான் மாப்பிள்ளை பாத்து வந்திருக்கு, ஈசு" என்று ராக்கு அயித்தை கேலி பண்ணினார். "சாதகத்த வாங்கிப் பாருங்க அயித்தை, வயசு கொஞ்சம் கூட இருக்கும் போல" என்றேன் நான். இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம், வேன் வரும்வரை.

வேனில் வந்தது வானம் பார்க்கிற ஆபீஸிலிருந்து. பெனிட்டா மேடம் என்று ஒரு பெண், என் வயசுதான், ஜீன்ஸ் பேண்டும் தலையில் எங்கள் துண்டுமாக, பத்து நாள் பழகினவள் மாதிரி எங்களோடு உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்தாள். அவள்தான் சொன்னாள்:

"அக்கா, சின்ன நட்சத்திரம் சிக்கனமா எரியும், ரொம்பக் காலம் இருக்கும். பெருசு அப்படி இல்ல. எரிச்சுத் தள்ளிட்டு சீக்கிரமே முடிஞ்சிரும். உள்ள எரியுற வரைக்கும்தான் அதோட கனத்த அது தாங்கும். எரிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா, அத்தனை கனமும் ஒரே நேரத்துல உள்ள விழுந்துரும்."

"மூட்டம் அமுங்குற மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர் தவசி.

மேடத்துக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்: கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைக்கிறோம். விறகு வேக வேக மேல்மண் இறங்கிவரும், சீராக இறங்கினால் நல்லது. உள்ளே திடீரென்று இடிந்து அமுங்கியதோ, புகை போக வைத்திருக்கிற துளை வழியே நெருப்பு பீய்ச்சிக்கொண்டு வரும். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் ஒன்றும் ஆகாது. துளைக்கு நேரே நிற்கிறவனுக்கு மட்டும்தான்.

மேடம் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "அதேதாண்ணா. இதுக்கு ரெண்டு துளை. அந்த ரெண்டு பொட்டு. உள்ள விழுந்ததும் அது வழியா ஒரு வெளிச்சம் வரும். காமாக் கதிர்னு சொல்லுவோம். நாலஞ்சு மூச்சு விடுற நேரம்தான். ஆனா அந்த நேரத்துல வானத்துல அதைவிட வெளிச்சம் எதுவும் இருக்காது. கண்காணாத தூரத்துல இருந்தாக்கூடத் தெரியும். நேர்கோட்டுல இருக்குறவங்களுக்கு மட்டும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்து நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாப்பாவின் பொட்டிலிருந்து விரலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கோடு களத்தைத் தாண்டி, மிளகாயைத் தாண்டி, கோழியைத் தாண்டி, என் இடது இடுப்பில் வந்து நின்றது. கனி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கே மகளைத் தூக்கிக்கொண்டு சாயல்குடியில் என் அம்மா வீட்டுக்குப் போனேன். பஸ் விட்டு இறங்குவதற்குள் தவசி போன் அடித்தார். "ஈசு, சாயல்குடிப் பக்கமாத் திரும்பிருச்சு." அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போனேன், தூத்துக்குடிப் பக்கம் திரும்பியது. திரும்பி வந்துவிட்டேன். எங்கே இருந்தாலும் அதேதான் என்றால், நம் வீட்டில் இருப்போமே, பிள்ளைக்குப் பருப்புச் சோறாவது நேரத்துக்குக் கிடைக்கும்.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஜேசிபி வந்தது, நெட்டித் தள்ளியது, டயர்தான் சுற்றிச் சுற்றித் தேய்ந்து உருகியது. கப்பல் கயிறு கட்டி ஆண்கள் எல்லாம் சேர்ந்து இழுத்தார்கள், கயிறு கையோடு வந்தது. கிடா வெட்டிக் கூரிச்சாமிக்குப் படைத்தோம். கரி மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கினோம். என் மகள் மாதிரியே துணிப் பொம்மை ஒன்று தைத்து, அவளுடைய பழைய கவுனைப் போட்டு, கையில் அந்த ரோஸ் டம்ளரையும் கொடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தினோம். பாப்பா அந்தப் பக்கம் கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. "எப்பிடித் திரும்பும், அது என்ன மாடா, கன்னுக்குட்டித் தோல்ல வைக்கோல் அடைச்சு ஏமாத்த" என்றார் ராக்கு அயித்தை, என்னைப் பார்க்காமல்.

பெனிட்டா மேடம் வேனுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இறங்கி வந்தாள், திரும்ப ஏறினாள். "சுவர் கட்டுனா நிக்குமா மேடம்?" என்றேன். "நிக்காதுக்கா." "கிணத்துக்குள்ள எறக்குனா?" "மண்ணுக்குள்ளயும் வரும்." "அப்ப என்னதான் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "எப்ப வரும், எப்பிடி வரும், ஏன் வரும்னு படிச்சிருக்கேன்" என்றாள். "நிறுத்துறதுக்கு யாரும் படிக்கல." சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, மிச்சம் இருந்த கூழைக் கொடுத்தேன்.

ஆடி பிறந்ததும் பாப்பா தண்ணீரை வேண்டாம் என்றது. ஊற்றினால் அப்படியே வழிந்து மண்ணில் போனது. ஊரே பதறிவிட்டது. அப்போது கனிதான் வாசலில் கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்துப்போய் நீட்டினாள், வாங்கிக்கொண்டது. சரி, கரிக்கா எங்கள் ஊரில் பஞ்சம் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். தண்ணீர் தாங்கிய நாள் அளவுக்குக் கரி தாங்கவில்லை. கரி அலுத்ததும் மணல் கேட்டது. ஓடையிலிருந்து டிராக்டரில் அள்ளி வந்து போட்டோம், அதை ஒரு பொழுதுக்குள் தின்று முடித்தது. தின்னத் தின்னப் பசி கூடியது, பசி கூடக் கூட உருவம் ஊதியது, சுற்றுகிற வேகத்தில் களத்து மண் வட்டம் வட்டமாக வரிந்துபோனது. மறுநாள் காலையில் மணலையும் துப்பிவிட்டது. வெளிச்சம் வெளுத்து, பிள்ளை பெற்றுக் களைத்துக் கிடக்கிறவள் முகம் மாதிரி ஆகிவிட்டது.

இந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் தலைமாட்டில் இரும்பு வைப்போம். கைக்குழந்தையைத் தனியே படுக்கவைத்தால் பக்கத்தில் ஒரு சாவியாவது போடுவோம். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பைவிட என்ன காவல் இருக்கிறது? ராக்கு அயித்தை, தான் தொப்புள்கொடி அறுத்த அரிவாளையே கொண்டுவந்து பாப்பாவின் கீழே வைத்தார். அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார்கள். சாவி, ஆணி, மாட்டு லாடம், உடைந்த ஏர்க்கொழு, கரி அள்ளுகிற கரண்டி. நான் என் மகளின் தலைமாட்டில் பிறந்த நாளிலிருந்து இருக்கிற பாக்குவெட்டியை வைத்தேன். பாப்பா நன்றாக இருந்தால்தானே என் மகள் நன்றாக இருப்பாள். பாப்பா ஒவ்வொன்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது, பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரி, எங்களுக்காகவே குடிக்கிற மாதிரி.

வேன் கதவைத் திறந்துகொண்டு மேடம் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "என்னத்தக் குடுத்தீங்க?"

"இரும்பும்மா" என்றார் அயித்தை. "காவலுக்கு."

மேடம் அப்படியே மிளகாய் மேலே உட்கார்ந்துவிட்டாள். "எதைப் போட்டாலும் எரிச்சிரும், இரும்ப மட்டும் எரிக்க முடியாது அதால. இரும்பு வந்தா அடுப்பு அணைஞ்சிரும்." ராக்கு அயித்தை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லம்மா, நீங்க இல்ல. நீங்க குடுக்கலைன்னாலும் அதுக்குள்ளயே இரும்பு விளையும். எல்லாப் பெரிய நட்சத்திரத்துக்குள்ளயும் கடைசியில அதுதான் விளையும். இன்னைக்குச் சாயங்காலம் வர வேண்டியது இப்ப வருது, அவ்வளவுதான்."

இப்ப வருது என்றால் இப்போதுதான். வெயில் உச்சியில் இருந்தது. கனி கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் இருந்தாள். நான் ஓடினேன். எதற்கும் பிரயோஜனம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கரி மூட்டைக்கும் கிணற்றுக்கும் நிற்காதது என் சேலைக்கும் சட்டைக்குமா நிற்கும்? ஆனாலும் போய் அவளுக்கு முன்னால், பாப்பாவுக்கு முகம் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மழை வரும்போது பிள்ளை தலைக்கு மேல் கையை வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

"பாப்பா" என்றேன். "அந்தப் பக்கம் திரும்பிக்கோயேன். நல்ல பிள்ளையில்ல."

அது திரும்பத்தான் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நடுக்கம் நடுங்கியது, பொட்டு ஒரு விரற்கடை விலகி, திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அதால் முடியவில்லை. சாகப்போகிற நேரத்தில் பிரியமான முகத்தை விட்டுக் கண்ணை எடு என்றால் யாரால் முடியும்?

பிறகு அமுங்கியது. படப்பு உயரம் இருந்தது கூடை அளவு ஆகி, தேங்காய் ஆகி, கடுகு ஆகி, சேவல் பாதிக் கூவலில் நிற்க, வெளிச்சம் வந்தது. ஒரு கீற்று மேலே வானத்துக்குப் போனது, ஒரு கீற்று எங்களுக்கு. சத்தமில்லை, சூடில்லை, தள்ளு இல்லை. என் நெஞ்சில் நுழைந்து முதுகு வழியாகக் காற்று போவது மாதிரிப் போனது. என் நிழல் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நாலைந்து மூச்சு. அதற்குமேல் ஒன்றும் இல்லை, களத்தில் வெறும் வெயில்தான்.

திரும்பிப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே இன்னொரு கண் இருந்தது.

என் உயரத்துக்கு ஒரு பெண் நின்றாள். தவசியின் மூக்கு, என் நெற்றி, கன்னத்தில் கனியின் மச்சம். கவுன் தையல் விட்டுத் தொங்கியது. நான் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டினேன், பொத்தான் போட்டுவிட்டேன், கை தானாகவே அதைச் செய்தது. காலடியில் அவளுடைய பால்பற்கள் எல்லாம் ஒன்று விடாமல் சிதறிக் கிடந்தன. ராக்கு அயித்தை அரிசி பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து பொறுக்கி, ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக் கூரைமேல் எறிந்தார், முறைப்படி எறிய வேண்டும் இல்லையா. எறிந்து முடித்துவிட்டு, "பாப்பாவோட அவசரம் இவளயும் தொத்திக்கிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் அதற்கும் பழகிவிட்டது. களத்தில் பாப்பா இருந்த இடத்தில் கடுகளவு இருட்டு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் உருண்டுபோன மிளகாய் திரும்பி வராது. சுற்றிக் கல் நட்டு, ஆடு குட்டி போகாமல் முள் வைத்திருக்கிறோம். குப்பை கொட்ட வசதி என்று சிலர் நினைக்கிறார்கள், நான் விடுவதில்லை. தலைமை ஆசிரியர், பிறந்த தேதிப்படி பால்வாடி, உயரப்படி எட்டாம் வகுப்பு என்று தலையைச் சொறிந்துவிட்டு, பால்வாடியிலேயே ஒரு பெஞ்சு போட்டுக்கொடுத்தார். பெனிட்டா மேடம் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். வானத்துக்குப் போன கீற்று போய்க்கொண்டே இருக்கிறதாம், என்றைக்கோ எங்கேயோ யாரோ அண்ணாந்து பார்க்கும்போது நாலைந்து மூச்சு நேரம் தெரியுமாம். "எங்களுக்கு வந்த கீற்று?" என்று கேட்டேன். "அதுவும் போய்க்கிட்டுத்தான் இருக்கும்க்கா" என்றாள். அப்படியென்றால் என் மகளின் நாலு வயசும் அஞ்சு வயசும், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அழுததும், பல் விழுந்த வாயால் சிரித்ததும், எல்லாம் அதற்குள்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும். நேர்கோட்டில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். நாங்கள் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறோம்.

இதெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது. தார்ப்பாயை ஜன்னலிலிருந்து அவிழ்த்தாகிவிட்டது, அடுப்பில் உலை கொதித்தது, எனக்கு வேலை இருந்தது, அதுவரைக்கும் நல்லது. கனி நிலைப்படியில் தலை முட்ட நின்று, சட்டைக் கையை விட்டு வெளியே நீண்டிருந்த தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். களத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அங்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாப்பா வந்த நாளிலிருந்து கருக்கனேந்தலில் இருட்டியதே இல்லை.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. உதடு பிதுங்கியது. அந்த நீளமான இரண்டு கையையும் எனக்கு நேரே தூக்கிக்கொண்டு, அதே மழலையில் கேட்டாள்:

"அம்மா, தூக்கு."